தனித்தனியே கடக்கும் சரிவு

என் கணவர் என்னை எங்கேயும் தனியே விடமாட்டார். பல் வைத்தியரிடம் நேரம் குறித்து டேர்மின் எடுத்திருந்தாலும் கூட வந்து வெளியே காத்திருப்பார். "தனிய விட்டிட்டு வீட்டில என்னண்டு இருக்கிறது?" என்பார். எனக்குச் சில நேரம் விசர் வரும். ஆனால் நான் பனிச்சறுக்குப் பலகை கட்டி அல்கோய் மலைகளில் ஏறத் தொடங்கியபோது, குளிரென்றால் நடுங்கும் அந்த மனிதர் தானும் பழகிக்கொண்டு பின்னால் வந்தாரே, அதை என்ன சொல்ல!

அன்று காலை பனிச்சரிவு அறிக்கை மிதமான ஆபத்து என்றது. காடு முடியும் இடத்தில் எங்கள் முன்னே ஒரு வெள்ளைச் சரிவு. அதைக் கடந்தால் அகன்ற மலைமுதுகு, அங்கே பயமில்லை.

பனியின் உறுதியைப் பார்க்கச் சரிவின் ஓரத்தில் சவளால் குழி தோண்டினேன். வெட்டிய பக்கத்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரிந்தது: காற்று இறுக்கிய பனி, வெயில் உருக்கி உறைந்த பனி, அடியில் சீனி போல ஒட்டாத மணிகள். குழல்புட்டு தேங்காய்ப்பூ இருக்கும் இடத்தில்தானே உடையும்? தூண் போல வெட்டியெடுத்த பனியின் மேல் சவளை வைத்துத் தட்டினேன். முதலில் விரலால், பிறகு முழங்கையிலிருந்து. அசையவில்லை. தோளிலிருந்து ஓங்கி அடித்தபோது மேலிருந்த பனி அந்தச் சீனி அடுக்கிலே வழுகிக்கொண்டு வந்தது.

"லேசில உடையேல்லை. ஆனா நம்பவும் ஏலாது," என்றேன். "ஒராள் ஒராளாப் போவம். நான் அங்கால போய்க் கை காட்டுமட்டும் நீங்கள் மரத்தடியை விட்டு அசையக் கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்."

சரிவின் மேற்பக்கமாகக் கடந்தேன். காலடியில் மாதக்கணக்கான பனி. அத்தனையும் ஒரு விரல் தடிப்பு மணிகளின் மேல் நின்றது. என் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது. மலைமுதுகில் ஏறித் திரும்பினால், இவர் சரிவுக்குள்ளே நிற்கிறார்! கையில் என் தேநீர்க் குடுவை.

"தேத்தண்ணியை விட்டிட்டுப் போறீர்!" என்று கத்தினார்.

என் தடத்தில்கூட வரவில்லை. அவசரத்தில் கீழே பாறைப் பக்கமாகக் குறுக்கே வந்திருந்தார். அங்கே பனி மெல்லியது, சீனி அடுக்கு காலுக்குக் கிட்ட.

"ஐயோ, நில்லுங்கோ! வராதேங்கோ!"

அப்போது மலை 'வும்' என்றது. காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. அவருக்கு மேலே நூல் போல ஒரு வெடிப்பு ஓடியது. ஓடிப்போய் அவரைப் பிடி என்று உடம்பு முழுவதும் துடித்தது. நான் ஓர் அடி வைத்தால் அவர் போய்விடுவார். நின்றேன்.

"திரும்பாதேங்கோ. அப்பிடியே பின்னுக்குக் கால் வையுங்கோ. மெல்ல."

ஒருநாளும் சொல்வழி கேட்காத மனிதர் கேட்டார். குடுவை கை நழுவியது. அதைக் குனிந்து எடுக்கவில்லை. அவர் முதல் மரத்தைப் பிடித்த நேரம், முழுச் சரிவும் ஒரே துண்டாக நகர்ந்தது. பிறகு உடைந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. வெயிலில் பனித்தூள் வானம்வரை எழுந்து மின்னியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு அழகாக நான் ஒன்றையும் கண்டதில்லை. கைகூப்பி நின்றுவிட்டேன்.

தூள் அவரை மறைத்துவிட்டது.

"என்னப்பா! இருக்கிறீங்களோ?"

மறுபடி கத்தினேன்.

"இருக்கிறன்," என்றது மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல். "தேத்தண்ணிதான் போயிட்டுது."

அழுதேன், சிரித்தேன், வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு அவர் காட்டுவழியாகவும் நான் மலைமுதுகு வழியாகவும் தனித்தனியே இறங்கினோம். கார் தரிப்பிடத்தில் நான்தான் முதலில் வந்து காத்திருந்தேன். காட்டிலிருந்து வெளியே வந்தவர் பலகைகளைக் கழற்றினார். என்னைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"இப்ப கிட்ட வரலாமோ?" என்று கேட்டார்.

"ஓடி வாங்கோ," என்றேன்.