இடது கையில் சுத்தியல்

கோவில்பட்டியில் எனக்கு லேப்டாப் பழுது பார்க்கும் கடை. விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் அந்தப் பெண். வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. பேசும்போதெல்லாம் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே நின்றார்.

அவருடைய பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி மாட்டினேன். பழையதில் இருப்பதை இதில் ஏற்றவா என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஏத்த வேண்டாம் அண்ணாச்சி. சுத்தியல் இருக்கா?”

“அழிக்கணும்னா நானே அழிச்சுத் தாரேம்மா.”

“இல்ல, நான் உடைக்கணும். எம் புருஷன் என்னைய அடிச்சத இதுலதான் வீடியோ எடுத்து வச்சிருந்தேன். கேசு முடிஞ்சு ஆளு உள்ள போயாச்சு.”

டிஸ்கை வாசல்படியில் வைத்தேன். முதல் அடியிலேயே அது துள்ளித் தெருவில் விழுந்தது. பிடித்துக்கொள்ள அவருக்கு இன்னொரு கை உதவவில்லை. நானே குனிந்து உட்கார்ந்து, விரல்களால் அழுத்திப் பிடித்தேன். இடது கையால் அடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி அடித்தார். மூடி நசுங்கி, உள்ளே கண்ணாடித் தட்டு நொறுங்கிய பிறகும் நிறுத்தவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அத்தனை வெறியிலும் ஓர் அடிகூட என் விரலில் படவில்லை.