நாரைகளுக்கு முன்னால் அம்மா

மார்கழிக் காலையில் சேத்தூர்க் கண்மாய்க்கரையில் பறவைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். நத்தைகுத்தி நாரை ஒன்று அலகைத் தட்டிய சத்தத்தில் எனக்கு மறுபடி எட்டு வயதானது.

அன்று கண்மாயை ஒட்டிய எங்கள் வயலில் நாரைகள் நத்தை பொறுக்கின. சேற்று வாடைக்கு நடுவில் அம்மா களை பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். அம்மா முழங்கால் சேற்றில் நடந்துபோய் நாரைகளை மறைத்து நின்றாள்.

"வெலகுங்கக்கா, குறி பாக்கணும்."

"பயிரத் திங்குற நத்தைய நீயா வந்து பொறுக்குவ? சுடணும்னா மொதல்ல என்னையச் சுடுலே!"

அவள் கால் நகரவில்லை. சிறிது நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள்.

"அந்தா தெரியுதே, அது யாரு வயலு, அக்கா?" என்று என்னோடு பறவைக் கணக்கெடுக்க வந்திருந்த பெண் கேட்டாள்.

"எங்கம்மா வயல்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.