ஒரு ஆலன் கீ

பாலக்கோடு பக்கம், போர் விமானத்துக்கு இறக்கை பூட்டிக் கொடுக்கும் கம்பெனியில் நான் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் கருவிகளை எண்ணி ஒப்படைத்த பிறகுதான் வெளியே விடுவார்கள்; ஒன்று இறக்கைக்குள் தங்கிவிட்டாலும் விமானமே விழுந்துவிடலாம். அன்று ஸ்குரூ முடுக்கும் ஆலன் கீ ஒன்று குறைந்தது. வாசலில் பஸ் வேறு நிற்கிறது.

"சுண்டுவிரல் அளவு கூட இல்ல, அதுக்குப் போயி இத்தன பேர நிக்க வெக்கறீங்களே! வூட்டுக்குப் போவ வேணாமா?" என்று முதலில் கத்தியவன் நான்தான்.

சூப்பர்வைசர் மேரி மேடம் அசரவில்லை. பகலெல்லாம் பூட்டிய இறக்கையைத் திரும்பக் கழற்றித் தேடினோம். எரிச்சலோடு கைக்குட்டை எடுக்க பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டால், அந்தச் சனியன் அங்கே கிடக்கிறது!

ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. இறக்கைக்கு அடியில் நைசாகப் போட்டுவிட்டு, "இந்தா கெடக்குதுங்க மேடம்!" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அங்க நானே ரெண்டு தடவ பாத்தனேங்க. இதுவே என் கண்ணுல படலன்னா, இந்த வாரம் நான் பாத்து அனுப்புனது எதையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் தொறக்கணும்."

"மேடம், அது என் பாக்கெட்லதாங்க இருந்துச்சு."

பஸ்ஸில் வழிநெடுக எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அது உறைக்கவில்லை. என்னைச் சந்தேகப்படத் தோன்றாமல், அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.