பெனடிக்ட் போய் ரோசலின் வந்த பத்திரம்

1. கடல் தாண்டிய குமாஸ்தா

யுத்தம் முடிந்த மறுவருஷம். சென்னை லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுதிய டிராப்டைப் பார்த்து டைப் அடிப்பது, கோர்ட்டுக்குக் கேஸ் கட்டுத் தூக்குவது, இவ்வளவுதான் வேலை. சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. எழுத விடவும் மாட்டார்.

ஒரு நாள் காலையில் வக்கீல் ஐயர் கூப்பிட்டார்.

"கன்னியப்பா, நீ கடலுக்குள்ளே போயிருக்கியோ?"

"நொச்சிக்குப்பத்துல கட்டுமரம் ஏறிக்கீறேன் சார்."

"அது போறும். கொழும்புக்குக் கிளம்பு. வாயை மட்டும் அடக்கிக்கோ. கட்சிக்காரா முன்னாடி 'இன்னா', 'கீது'ன்னு பேசி மானத்தை வாங்காதே."

கட்சிக்காரர் சாந்தோமில் வாத்தியாராக இருந்த சூசை மாஸ்டர். அவரும் மனைவி பிலோமினாவும் பதினோரு வருஷமாகப் பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள். பிலோமினாவின் ஒன்றுவிட்ட அக்கா கன்னியாஸ்திரி, சிஸ்டர் ஆக்னஸ். கொழும்பில் ஓர் அநாதை இல்லத்தில் இருந்தார். அங்கே பெனடிக்ட் என்று இரண்டு வயசுப் பையன் இருக்கிறான், வந்து அழைத்துப் போங்கள் என்று அவர்தான் எழுதியிருந்தார்.

கிறிஸ்தவர்களுக்குத் தத்து எடுக்க அப்போது சட்டத்தில் வழியில்லை. குழந்தையை அழைத்து வந்து, கோர்ட்டில் மனுப்போட்டு, கார்டியனாக உத்தரவு வாங்க வேண்டும். இல்லத்திலிருந்து குழந்தையை விடுவதற்கு மாஸ்டர் சத்தியம் செய்த அபிடவிட் வேண்டும். அதை ஐயரே எழுதியிருந்தார். வழியில் ஏதாவது கையெழுத்து, தேதி விட்டுப்போனால் பார்த்துக்கொள்ளத்தான் நான்.

"ஒரு எழுத்தைக்கூட நீயா மாத்தப்படாது. சந்தேகம் வந்தா தந்தி அடி" என்று சொல்லி அனுப்பினார்.

எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறினோம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் மாஸ்டருக்கு வாந்தி. பிலோமினா அம்மா மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பையில் பெனடிக்டுக்காகத் தைத்த ஆறு கால்சட்டைகள்.

2. கதவுக்குப் பின்னால்

இல்லத்தின் வாசலிலேயே சிஸ்டர் ஆக்னஸ் நின்றிருந்தார். முகமே சரியில்லை.

"பிலோமி, தந்தி குடுத்தேனே, வரலையா? பெனடிக்டோட தாய்மாமன் திடீர்னு வந்து நின்னாரு. முந்தாநாள் கூட்டிட்டுப் போயிட்டாரு."

அந்தத் தந்தி போய்ச் சேருமுன் நாங்கள் புறப்பட்டுவிட்டோம். மாஸ்டர் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிலோமினா அம்மா அழவில்லை. பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தது. நாலு வயசிருக்கும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

பிலோமினா அம்மா யோசனையாக அதைப் பார்த்து, "என்ன?" என்றார்.

பிள்ளை உள்ளே வந்து நின்றது.

"என்ன?"

இன்னும் இரண்டு அடி வந்தது.

"என்ன கண்ணு, என்ன?"

நேரே வந்து அவர் முழங்காலை ஒட்டி நின்று, முகத்தை அண்ணாந்து பார்த்தது.

சிஸ்டர் ஆக்னஸ் சிரித்துவிட்டார். "அவளுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். அதுல 'என்ன'ன்னா 'வாங்க'ன்னு அர்த்தம். நீ கூப்பிடக் கூப்பிட அவ வந்துக்கிட்டே இருக்கா."

பிலோமினா அம்மா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பிள்ளையின் பெயர் ரோசலின். சொந்தம் என்று ஒருவரும் இல்லை. இல்லத்தின் தலைவியான மதர் நல்லவர், ஆனால் கறார். "உங்கள் பத்திரத்தில் பெனடிக்ட், ஆண் குழந்தை என்று இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு வேறு பத்திரம் கொண்டுவாருங்கள், தருகிறேன்" என்றார். மறுநாள் எங்களுக்குத் திரும்பும் பயணம். மாஸ்டருக்கு லீவும் அத்தோடு முடிகிறது. ஐயருக்குத் தந்தி அடித்தேன். பதில் இல்லை. அவர் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே எழுதிட முடியாதா?"

ஐயரின் முகம் கண்முன் வந்தது. வேலை போனால் மந்தைவெளியில் என் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பிலோமினா அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது.

"டைப் மிஷின் கீதா சிஸ்டர்?" என்று கேட்டேன். வாயை அடக்கும் கட்டளையும் அத்தோடு போயிற்று.

மூன்று காகிதம் கிழித்தேன். நாலாவது நின்றது. மறுநாள் காலை மாஸ்டரை அழைத்துக்கொண்டு சத்தியப் பிரமாணம் வாங்கும் ஒரு தமிழ் நொத்தாரிசிடம் போனேன். அவர் கடைசி வரி வரை படித்தார்.

"ஆர் தம்பி இதை எழுதினது?"

"நான்தான் ஐயா."

"வடிவாய் எழுதியிருக்கிறீர்" என்று முத்திரை குத்தினார்.

3. தலைமன்னார்

கப்பலேறும் துறையில் ரோசலின் கையை உதறிக்கொண்டு ஓடினாள். கடற்காக்கையைப் பிடிக்க வேண்டுமாம். விளிம்புக்கு நாலடி இருக்கும். நான் ஓடிக்கொண்டே கத்தினேன்: "இன்னாம்மா! இன்னா! இன்னா!"

பிள்ளை ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. போய்த் தூக்கிக்கொண்டேன்.

பக்கத்திலிருந்த போர்ட்டர் சொன்னான்: "சிங்களத்துல 'இன்ன'ண்டா நில்லு எண்டு கருத்து. நல்லாத்தான் பேசுறீங்க!"

ஊர் வரும்வரை மாஸ்டர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

4. மூன்றாவது பாரா

ஐயர் என் டிராப்டின் நகலை வாங்கிப் படித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"யாரைக் கேட்டுண்டு எழுதினே?"

"யாரையும் கேக்கல சார்."

"அதான் தெரியறதே. ரோசலின்னு ஆரம்பிச்சுட்டு, மூணாவது பாராவிலே 'ஹிஸ் வெல்ஃபேர்'ங்கறாய். நடுவிலே பொண்ணு பிள்ளையாயிட்டாளோ?"

ஐயர் பேனாவை எடுத்து அந்த இடத்தைச் சுழித்தார். "பாக்கியெல்லாம் சரியா இருக்கு. கார்டியன் ஓ.பி. மனுவுக்கும் நீயே டிராப்ட் போடு. நான் பார்க்கறேன்."

அதுதான் நான் எழுதிய முதல் மனு.

விசாரணைக்கு வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ரோசலின் சாந்தோம் பிள்ளைகளோடு விளையாடித் தமிழில் சண்டை போடப் பழகியிருந்தாள். ஜட்ஜ் வயதானவர். பிள்ளையைத் தம் சேம்பருக்கே வரவழைத்தார்.

"இவா யாரு பாப்பா?"

"எங்கம்மா."

"இவர்?"

"எங்கப்பா. நீங்க யாரு?"

"நானா? நான் ஜட்ஜ்."

"உங்கம்மா எங்க?"

"எனக்கு அம்மா இல்லேம்மா."

ரோசலின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ரகசியம் போலச் சொன்னாள்: "எங்கம்மாவ உத்துப் பாத்துக்கினே நில்லுங்க. அவங்களே தூக்கிக்குவாங்க."

ஐயர் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். உத்தரவு அன்றைக்கே கிடைத்தது.

குமாஸ்தா வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குழந்தைக்காகப் பத்திரம் எழுதச் சொல்லி யார் வந்தாலும், பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். "முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்புங்கள். பெயரைப் பிறகு டைப் அடித்துக்கொள்ளலாம்.