கியர்பாக்ஸுக்கு வைத்த பொட்டு

எங்கள் ஆலையில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காமல் எந்தப் பொருளும் தப்பிக்க முடியாது. மோட்டார், பம்பு, ஏணி, தீயணைக்கும் சிலிண்டர், டீ வருகிற பிளாஸ்க் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. முதல் பொட்டு எப்போதும் மேனேஜருடையது. விரல் நுனியில் தொட்டு வைக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. மூன்று விரலால் அள்ளி அப்புவார்.

இந்த முறை பெரிய கலவைத் தொட்டியின் கியர்பாக்ஸுக்கு இரண்டு தடவை அப்பினார். முதலில் எடுத்த போட்டோவில் கண்ணை மூடியிருந்தாராம். இரண்டாவது படம் நன்றாக வந்தது. அன்றைக்கே ஆலையின் வாட்ஸப் குழுவில் அவரே அதைப் போட்டார். நாங்களும் வரிசையாகக் கும்பிட்டு வைத்தோம்.

நான் அங்கே, கடலூர் சிப்காட்டில், பராமரிப்புப் பொறியாளன். வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புதுச்சத்திரம் வருவதற்குள் வாயைத் திறந்து தூங்கிவிடுகிறவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அதே ஆலையில் ஒப்பந்த ஃபிட்டர். அந்த மாதக் கடைசியில் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் அந்த வேலை நிரந்தர ஆர்டர் கைக்கு வந்தால்தான் தட்டு மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

விடுமுறை முடிந்து தொட்டியை ஓட்டிய அன்று மத்தியானமே கியர்பாக்ஸ் எண்ணெய் கக்க ஆரம்பித்தது.

கியர்பாக்ஸ் என்றால் பயப்பட வேண்டாம். மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் அந்த வேகத்தில் கெட்டியான கலவையைக் கிண்டுகிற பலம் இருக்காது. கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும். எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். நான் வேகமாகச் சுற்றிக்கொண்டிருப்பேன், வேலை நடப்பது என் மனைவியால். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் குளித்தபடி சுற்றும். தண்டு வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் ஒரு ரப்பர் வளையம் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஆயில் சீல்.

சீல் தேய்ந்துவிட்டது என்று மச்சான் புதிதாக ஒன்று போட்டான். மறுநாளும் ஒழுகியது. கழற்றி வேறொன்று போட்டான். அதுவும் ஒழுகியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"கை சரியில்லப்பா. இந்தக் கைய நம்பி நான் எப்படி ஆர்டர்ல கையெழுத்துப் போடுறது?"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மச்சான் தூங்கவில்லை. "மாமா, ஒங்க கண்ணு முன்னாடிதானே போட்டேன். நேராத்தானே உக்காந்துது?" என்றான்.

"உக்காந்துது மச்சான். நான் பாத்தேன்."

சிதம்பரம் வரைக்கும் அவன் விழித்தே வந்தது எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் என் மனைவிக்கு அதைவிடக் கோபம். "என் தம்பி கையச் சொன்னப்ப அந்த மேனேஜர் பக்கத்துல நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். நான் இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, குறைந்த எண்ணெயை ஊற்றலாம் என்று மேல் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. மூடிய பெட்டிக்குள் அவ்வளவு காற்று அடைந்து கிடக்கக் கூடாது. ஓடும்போது பெட்டி சூடாகும், உள்ளே காற்று விரியும், அது வெளியே போகத்தான் மேலே சின்ன ஓட்டையோடு ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். பிரீதர் என்போம். கியர்பாக்ஸின் மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை அடைத்தால் காற்று எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். சரி, மூக்கு எங்கே என்று தேடினோம். மச்சான் ஸ்குரூ டிரைவரால் ஓரிடத்தில் சுரண்டினான். சிமெண்டு மாதிரி இறுகியிருந்த சந்தனம் பெயர்ந்து விழுந்தது, உள்ளே மூக்கு இருந்தது.

சுத்தம் செய்து ஓட்டினோம். அதே சீல்தான். சாயங்காலம் வரை ஒரு சொட்டு இல்லை.

மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். "எவன்யா இத அடைச்சது?"

நான் தரையைப் பார்த்தேன். மச்சான் நினைத்திருந்தால் செல்போனை எடுத்து, பூஜையன்று குழுவில் வந்த அந்தப் படத்தை நீட்டியிருக்கலாம். அவன் உதிர்ந்த சந்தனத்தைத் துணியில் கூட்டி எடுத்துக்கொண்டு, "சாமி காரியம் சார், பரவால்ல" என்று மட்டும் சொன்னான்.

மேனேஜர் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு தன் மூன்று விரலையும் பார்த்தார். "கை சரியில்லன்னு சொன்னேன்ல? சரியாத்தான் சொல்லியிருக்கேன். ஆளத்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அந்த மனிதரை அன்றுதான் பிடித்தது.

மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. சிதம்பரத்தில் தட்டு மாற்றினார்கள். மேனேஜரும் குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கும்போது, என் மனைவி வேண்டுமென்றே சந்தனக் கிண்ணத்தை அவரிடம் முதலில் நீட்டினாள். அவர் பழக்கதோஷத்தில் மூன்று விரலால் அள்ளினார்.

மச்சான் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, பணிவாகத்தான் சொன்னான்.

"சார், மூக்க மட்டும் விட்டுடுங்க."