நிஸ்தார் பூசிய நீலம்

காலையில் துருவேறிய வாசல் கேற்றின் கறளைக் கம்பி பிறஷால் உரஞ்சிக்கொண்டிருந்தேன். இரும்பு மணம் மூக்கில் ஏறியதும் நிஸ்தாரின் ஞாபகம் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், ஆள் மூதூரில் பேரப்பிள்ளைகளோடு சுகமாகத்தான் இருக்கிறான். எனக்கு ஞாபகம் வந்தவன் கலியாணத்துக்கு முந்திய நிஸ்தார்.

அப்போது திருகோணமலைத் துறைமுகப் பக்கம், படகு திருத்தும் பட்டறை ஒன்றில் இருவருக்கும் வேலை. மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சின் கைப்பிடிக் கம்பி உப்புக் காற்றில் பொருக்கு விட்டிருந்தது. லோஞ்சு துறையில் நிற்கும் நேரங்களில் அதைச் சரிசெய்ய வேண்டும். பொருக்கைத் தட்டி, மினுங்கும்வரை உரஞ்சி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிட்டு, சிவப்பு அடிப்பூச்சு. அதற்குப் பிறகுதான் பெயின்ற். இந்த ஒழுங்கு எனக்கு வேதம். சாப்பிடமுன் கை கழுவத்தான் மறந்துபோவேன்.

பொருக்குத் தட்டத் தொடங்கிய அன்றே நிஸ்தாருக்குச் சேதி வந்தது. பெண்வீட்டார் அவனைப் பார்க்கப் பின்னேரம் மூதூரிலிருந்து அதே லோஞ்சில் வருகிறார்களாம். அவர்களுடைய உடுப்பில் கறள் பட்டுவிடும் என்று பதறி, நீலப் பெயின்ற் டின்னைத் திறந்தான்.

"கறளுக்கு மேல அடிச்சா நிக்காது மச்சான்," என்றேன்.

"இண்டைக்கு மட்டும் நிண்டாப் போதும்."

பூசியது காயமுன் லோஞ்சு மூதூருக்குப் புறப்பட்டுவிட்டது.

பின்னேரம் நானும் அவன் வீட்டில் இருந்தேன், பலகாரத்துக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் உம்மாவுடைய வெள்ளைச் சேலையில் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. உம்மாவோடு வந்திருந்த மாமாவுக்கு உள்ளங்கை முழுக்க நீலம், அதில் கறள் பொருக்கு வேறு. கம்பிக்குப் பெயின்ற் அடித்தவனின் பரம்பரையைப் பற்றி அவர் சில வார்த்தைகள் சொன்னார். நிஸ்தார் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். சம்பந்தம் கடலோடு போயிற்று என்றே நினைத்தேன்.

"தம்பி, கையக் காட்டுங்க," என்றார் உம்மா.

காட்டினான். நகமெல்லாம் நீலம்.

"உங்கட சேலையில கறள் பட்டிரும் எண்டுதான் மாமி..."

உம்மா சேலையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாமாவுக்குச் சிரிப்பு வர இன்னொரு தேநீர் தேவைப்பட்டது. அன்றே நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வருமுன் அந்தக் கம்பியைக் கை வைக்கக்கூடியதாக ஆக்கிவிட வேண்டும் என்பது மட்டும் உம்மாவின் நிபந்தனை.

அடுத்த கிழமையே நீலம் செதிள் செதிளாகக் கழன்றது. அடியிலிருந்து திரும்பத் தொடங்கினோம். இந்தமுறை நிஸ்தார் மினுக்கிய மினுக்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கலியாணத்தன்று வெள்ளைச் சட்டையோடு அதில் சாய்ந்துகொண்டே மூதூருக்குப் போனான்.

அந்த லோஞ்சு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. தரைவழியில் பாலங்கள் வந்தபின் நானும் மூதூருக்கு பஸ்ஸில்தான் போகிறேன். லோஞ்சில் என்றால் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தியே கதைப்போம். யார் வீட்டுக்கு யார் மாப்பிள்ளை என்பது கரை சேருமுன் எல்லாருக்கும் தெரிந்துவிடும். போனமுறை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் யாரென்று, இறங்கும்போதும் எனக்குத் தெரியவில்லை.