மடைத்தொட்டியில் பன்னிரண்டு நிமிடங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் சாட்சிக்கு யாரையும் அழைக்கப்போவதில்லை. நடந்தது எனக்கு. நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் வால்புர்கா. ஊர் ஆஸ்திரியாவில், டான்யூப் கரையில் உள்ள கிரைன். பதினோரு குளிர்காலமாகச் சுற்றுலாக் கப்பலில் மசாஜ் செய்கிறேன். வருஷக் கடைசிப் பயணம் என்றால் எனக்குத் தனிப் பிரியம். பயணிகளுக்கு எங்கும் போகிற அவசரம் இருக்காது. காலுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சூடான மசாலா ஒயினைப் பிடித்துக்கொண்டு, பனி மூடிய திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடியே தூங்கிவிடுவார்கள்.

அன்று டிசம்பர் 30. மதியச் சாப்பாட்டில் குலாஷ் என்கிற மாட்டிறைச்சிச் சூப். அதன்பின் கப்பலில் கயிறு கட்டும் வேலை பார்க்கும் திபோர், பன்றிக்குட்டி வடிவில் செய்த பாதாம் மிட்டாய்களை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தான். புதுவருஷ அதிர்ஷ்டத்துக்கு எங்கள் பக்கம் கொடுப்பது வழக்கம்.

"புர்கி, ஒண்ணு எடுத்துக்கோ. உன் மூஞ்சிக்கு ரெண்டா வேணும்னாலும் எடுத்துக்கோ."

"உன் சொந்தக்காரங்களை நான் ஏன் திங்கணும்?"

சிரித்துக்கொண்டே கீழே இறங்கினேன். மசாஜ் அறை கப்பலின் அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது.

வாசலில் ஹார்ட்விக் நின்றிருந்தார். லின்ஸ் நகரத்துக்காரர், அறுபது தாண்டியவர், தனியாக வந்தவர். கப்பலில் டை கட்டிய ஒரே ஆள்.

"மடைத்தொட்டிக்குள்ள எத்தனை மணிக்குப் போவோம்?"

ஆற்றில் அணை வரும் இடத்தில் கப்பலை மேலே தூக்க நீளமான கான்கிரீட் தொட்டி இருக்கும். கப்பல் உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை நிரப்புவார்கள். எந்தத் தொட்டி என்று மட்டும் சொல்லமாட்டேன்.

"மூணு நாற்பதுக்குன்னு கேப்டன் சொன்னாரு."

"அப்ப மூணரைக்கு என்னை மசாஜுக்கு எடுத்துக்குங்க. கதவை உள்ள பூட்டிடுங்க."

"எதுக்குங்க?"

"வருஷா வருஷம் தனியா இருந்துடுவேன். இந்தத் தடவை இதயம் சரியில்லை. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா தேவலை. என்ன நடந்தாலும் நீங்க சுவரோரமா நில்லுங்க. கிட்ட வராதீங்க."

வயசானவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள். தலையை ஆட்டிவைத்தேன்.

3:30. குப்புறப் படுத்தார். முதுகைப் பார்த்ததும் என் கை நின்றது. விலா எலும்புகள் ஒழுங்காக இல்லை. உடைந்து, கூடி, மறுபடி உடைந்து கூடியவை. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு முதுகைத் தொட்டதில்லை.

"விபத்தா?"

அவர் ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டார்.

3:40. கப்பல் தொட்டிக்குள் நுழைந்தது. எஞ்சின் சத்தம் குறைந்தது. பின்னால் இரும்புக் கதவு மூடியது. தண்ணீர் உள்ளே பாயும் உறுமல் காலடியில் கேட்டது. இதெல்லாம் எனக்குப் பழகிய சத்தம்தான்.

3:42.

தொம்...

இது பழகாத சத்தம். வெளியிலிருந்து வரவில்லை. அறைக்குள் கேட்டது.

என் உள்ளங்கைக்குக் கீழே அவருடைய தோல் துள்ளியது. கையை எடுத்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்புப் பட்டை. மூன்று விரல் அகலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்து, ஓரம் வெடித்து, ரத்தம் கசிந்தது.

தொம்... தொம்...

இன்னும் இரண்டு பட்டைகள். ஒன்றின்மேல் ஒன்று.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கிண்ணம் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. விறகு பிளப்பவன் கோடாரியை ஓங்கும்போது இழுப்பானே, அந்த மாதிரி.

சுவரோரம் ஒட்டி நின்றேன். சொன்னபடியே.

நாலு. ஐந்து. ஆறு.

ஏழாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் வாயிலிருந்த துண்டு சிவந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார். வராதே என்றாரா, வா என்றாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுபடி மூச்சை இழுக்கும் சத்தம்.

நான் பாய்ந்து அவர் முதுகின் மேல் விழுந்தேன். இடது கையைத் தூக்கித் தடுத்தேன்.

தொம்.

முழங்கைக்குக் கீழே என் கை இரண்டாக மடிந்தது. அலறினேன். அடுத்த அடி என் தோளில். அடுத்தது இடுப்பில். ஈரமான, கனமான மரம். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தொட்டிப் பாசியின் வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

பிறகு...

என் காதோரம் அந்த மூச்சு வந்து நின்றது. குனிந்து என் முகத்தைப் பார்ப்பது போல.

3:54. தண்ணீர் நிரம்பியது. கப்பல் மேலே வந்துவிட்டது. தொட்டியின் முன்கதவு திறந்தது.

எல்லாம் நின்றது.

என் அலறல் கேட்டுத் திபோர் பூட்டை உடைத்து வந்தான். தரையெல்லாம் ரத்தம். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"யாரு புர்கி? யாரு அடிச்சா?"

ஹார்ட்விக்தான் பேசினார். துண்டைத் துப்பிவிட்டு, அழுதுகொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏன் குறுக்க வந்தீங்க?"

கேப்டன் கப்பலைத் தொட்டிக்கு வெளியே நிறுத்தி ஆம்புலன்ஸை வரவழைத்தார். எங்கள் இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் போலீஸ் வந்தது. பூட்டிய அறை, இரண்டே பேர், அவர் முதுகு கிழிந்து கிடக்கிறது. நான்தான் அடித்தேன் என்று நினைத்தார்கள். என் கை எப்படி உடைந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. தானே மசாஜ் கட்டிலிலிருந்து விழுந்ததாக ஹார்ட்விக் எழுதிக் கொடுத்தார். வழக்கு அதோடு முடிந்தது.

அடுத்த டிசம்பரில் நான் வேலைக்குப் போகவில்லை. 30ஆம் தேதி மதியம், வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். தனியாகத்தான் இருந்தேன்.

3:42.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

எவ்வளவு நேரம் நடந்தது என்று தெரியாது. கண் விழித்தபோது ஜன்னலில் இருட்டு. மேஜை உடைந்திருந்தது. இரண்டு பற்கள் தரையில் கிடந்தன. அதே இடத்தில் கை முறிந்திருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வலது கையால் இழுத்து எடுத்தேன்.

ஹார்ட்விக்.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் ஆகல. முப்பத்தேழு வருஷத்துல முதல் தடவை. உங்களுக்கு?"

என் மூச்சிலேயே அவருக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

"அது யாரு?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணன். கரிப்படகு வெச்சிருந்தான். அந்தத் தொட்டியிலதான், டிசம்பர் முப்பது. கொக்கிக் கம்பால அடிச்சான். ஓங்குன வேகத்துல கால் வழுக்கி, படகுக்கும் சுவருக்கும் நடுவுல விழுந்து நசுங்கிட்டான்."

"உங்களை அடிச்சப்பவா?"

"இல்ல, வால்புர்கா. அவன் அடிச்சது என்னை இல்ல. சமையல் பண்ண வந்த பொண்ணை. எனக்கு அவ பேருகூடத் தெரியாது. நான் குறுக்க போனேன்."

கடைசியாக ஒன்று சொன்னார். "அடுத்த வருஷம் கப்பல்ல இருங்க. தொட்டிக்குள்ள இருந்தா தண்ணி நிரம்புற வரைக்கும்தான். பன்னிரண்டு நிமிஷம். தரையில இருந்தா அதுக்கு நேரம் காலம் கிடையாது."

அதன்பின் அவருடைய எண் வேலை செய்யவில்லை.

இந்த டிசம்பருக்குக் கப்பலில் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை.

நேற்று என் மகள் ஆனெலீஸ் கூப்பிட்டாள். இருபத்துமூன்று வயது. என் உடம்பைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

"அம்மா, நானும் அதே கப்பல்ல டிக்கெட் போட்டுட்டேன். உன் ரூம்லதான் இருப்பேன்."

"வேண்டாம்."

"யாரு உன்னை அடிக்கிறாங்கன்னு நான் பார்க்கணும். என்னைத் தாண்டி அடிக்கட்டும் பார்ப்போம்."